பியானோ ட்ரியோ: மூவரில் பக்கவாத்தியம் யார்?

மேற்கத்தியச் செவ்வியல் கச்சேரி அறிவிப்பில் 'பியானோ ட்ரியோ' என்று பார்த்ததும், மேடையில் மூன்று பியானோ இருக்கும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இருப்பது ஒரு பியானோ, ஒரு வயலின், ஒரு செலோ. இந்தக் குழப்பம் ஒரு வரியில் தீர்ந்துவிடும். தீராத குழப்பம் வேறொன்று. பெயரிலேயே பியானோ இருப்பதால் அதை வாசிப்பவர்தான் பிரதானம், மற்ற இருவரும் துணை என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். வயலின்தான் பாடுகிறது, பியானோ பின்னால் சுருதி கூட்டுகிறது என்று இன்னொரு சாரார். இரண்டில் எதை நம்பிக்கொண்டு கேட்டாலும் இந்த இசையில் பாதி காதில் விழாமலே போய்விடும்.

சில சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். செலோ என்பது வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம். முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, கீழே ஓர் உலோகக் கம்பியைத் தரையில் ஊன்றி வாசிப்பார்கள். 'சேம்பர் இசை' என்பது நடத்துநர் இல்லாமல், ஒரே சுர வரியைப் பலர் வாசிக்காமல் ஆளுக்கொரு வரி என்ற கணக்கில் சிலர் மட்டும் சேர்ந்து வாசிப்பது. 'ட்ரியோ' என்ற சொல் வாசிக்கும் மூவரையும் குறிக்கும், அவர்களுக்காக எழுதப்பட்ட படைப்பையும் குறிக்கும். ஜாஸ் உலகில் இதே பெயர் பியானோ, டபுள் பாஸ், டிரம்ஸ் மூன்றுக்கும் வழங்குகிறது. அது வேறு மரபு. இங்கே அதைத் தொடப்போவதில்லை.

மாடிப்படியில் இறங்கும் பீரோ

கர்நாடக இசைக் கச்சேரியில் யார் பிரதானம் என்பதில் சந்தேகமே வராது. பாடகர் பாடுவார், வயலின் தொடரும், மிருதங்கம் தாங்கும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் முன்னுக்கு வந்தாலும், முடிந்ததும் அவரவர் இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள்.

ட்ரியோவைப் புரிந்துகொள்ள இந்த உருவம் உதவாது. ஒரு பீரோவை மூன்று பேர் மாடியிலிருந்து இறக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். நேர்ப்படியில் கீழே இருப்பவர்மீது பாரம். திருப்பத்தில் மேலே இருப்பவர்தான் வழி சொல்ல முடியும், ஏனென்றால் சுவர் அவருக்குத்தான் தெரிகிறது. வாசலில் நடுவில் இருப்பவர் பக்கவாட்டில் தாங்குகிறார். 'இதில் யார் தலைவர்?' என்று கேட்டால் 'எந்தப் படியில்?' என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

இசையில் இது எப்படி நடக்கிறது என்பதற்கு ஷூபர்ட் 1827இல் எழுதிய ஈ ஃபிளாட் மேஜர் ட்ரியோவின் இரண்டாம் பகுதியைப் போல நல்ல பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. முதல் இரண்டு அளவுகளில் பியானோ மட்டும், ஒருவர் மெதுவாக நடந்து போவதைப் போல, ஒரே சீரான கொத்துகளை வாசிக்கிறது. ('அளவு' என்பது தாளத்தின் ஒரு சுற்று, 'கொத்து' என்பது ஒன்றாக ஒலிக்கும் பல சுரங்கள். 'ராகம்' என்று இங்கே சொல்வது மெட்டை. 'ஈ ஃபிளாட் மேஜர்' போன்றவை படைப்பின் ஆதார சுரத்தையும் சுர அமைப்பையும் சொல்லும் பெயர்கள்.) அந்த நடையின் மேல் செலோ ஒரு சோகமான ராகத்தைப் பாடத் தொடங்குகிறது. பாடி முடித்ததும் அதே ராகத்தைப் பியானோ எடுத்துக்கொள்கிறது. அப்போது அந்த நடை என்ன ஆகிறது? வயலினும் செலோவும் அதை வாங்கிக்கொள்கின்றன. சற்று முன் உருகிப் பாடிக்கொண்டிருந்த செலோ இப்போது பியானோவுக்காக நடந்துகொண்டிருக்கிறது. இரண்டே நிமிடங்களுக்குள் பிரதானமும் துணையும் இடம் மாறிவிடுகின்றன.

தொடக்கம்கூட ஒவ்வொரு படைப்பிலும் ஒவ்வொருவர் கையில். பேத்தோவனின் 'ஆர்ச்டியூக்' ட்ரியோவைப் பியானோ தனியாகத் தொடங்குகிறது. மெண்டல்சோனின் டி மைனர் ட்ரியோவில் முதல் ராகம் செலோவுடையது. ஷூபர்டின் பி ஃபிளாட் ட்ரியோவில் வயலினும் செலோவும் ஒரே ராகத்தை வெவ்வேறு ஸ்தாயிகளில் சேர்ந்து பாட, பியானோ கீழிருந்து தாங்குகிறது.

சுருக்கமாக: பெயரில் பியானோ இருப்பது மற்ற ட்ரியோக்களிலிருந்து பிரித்துக் காட்டத்தான். பிரதானம் யார் என்பது இடத்துக்கு இடம் மாறும்.

முதலில் துணையாகத்தான் இருந்தது

இந்தச் சமத்துவம் பிறவியிலேயே வந்ததில்லை. ஹெய்டன் சுமார் 45 ட்ரியோக்கள் எழுதினார். அக்காலத்தில் இவற்றை 'வயலின், செலோ துணையுடன் பியானோவுக்கான சொனாட்டா' (சொனாட்டா என்பது பல பகுதிகள் கொண்ட வாத்தியப் படைப்பு) என்ற பெயரில் அச்சிடுவதே வழக்கம். அவற்றில் செலோ பெரும்பாலும் பியானோவின் இடது கை வாசிப்பதையே வாசிக்கும்.

காரணம் வாத்தியத்தின் உடம்பில் இருக்கிறது. அன்றைய பியானோ மரச்சட்டத்தால் ஆனது; சுமார் ஐந்து ஸ்தாயி; சுத்தியல்களில் தோல் சுற்றியிருக்கும். கீழ் ஸ்தாயியின் ஒலி மெல்லியது, சீக்கிரம் அடங்கிவிடும். அதற்கு முட்டுக்கொடுக்கச் செலோ தேவைப்பட்டது. ஆக, ஹெய்டனின் செலோப் பகுதி எளிமையாக இருக்கிறதே என்று அலட்சியமாக வாசித்தால் அடித்தளமே ஆடிப்போகும்.

செலோவின் இந்தக் கட்டு மோட்ஸார்ட்டின் 1780களின் ட்ரியோக்களில் தளரத் தொடங்குகிறது. பேத்தோவன் 1795இல் வியன்னாவில் 'படைப்பு எண் 1' என்று வெளியிட்டதே மூன்று ட்ரியோக்களைத்தான். அதுவரை வீட்டுக் கூடத்துப் பொழுதுபோக்காகக் கருதப்பட்ட வடிவத்துக்கு, சிம்பொனி போல நான்கு பகுதிகள் கொடுத்தார். அதன்பின் 19ஆம் நூற்றாண்டில் பியானோவின் சட்டம் இரும்பானது, சுத்தியலில் கம்பளி ஏறியது, கட்டைகள் 88 ஆயின. இன்றைய பெரிய கச்சேரிப் பியானோ ஒன்பது அடி நீளம், ஏறக்குறைய அரை டன் எடை. அதன் 230 சொச்சம் தந்திகளின் மொத்த இழுவிசை சுமார் 20 டன். பக்கத்தில் இருக்கும் வயலின் அரைக் கிலோகூட இருக்காது. அன்று மெலிந்த பியானோவைச் செலோ தாங்கியது; இன்று இந்தப் பியானோவிடமிருந்து செலோவைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. இளம் ட்ரியோக்களின் பயிற்சியில் பெரும்பகுதி இதற்கே போகிறது.

மணியும் நாதஸ்வரமும்

கோயில் மணியை ஒரு முறை அடித்துவிட்டுக் கேளுங்கள். அடித்த கணத்தில்தான் ஒலி மிகப் பெரியது; பிறகு தேய்ந்துகொண்டே போகும். நாதஸ்வரத்தில் அப்படியில்லை. மெல்லத் தொடங்கி, ஊதிப் பெருக்கி, மீண்டும் அடக்கலாம். மூச்சு இருக்கும்வரை சுரம் நிற்கும்.

பியானோ மணியின் இனம். கட்டையை அழுத்தியதும் சுத்தியல் தந்தியில் பட்டுத் திரும்பிவிடும். அதற்குப் பிறகு அந்தச் சுரத்தைப் பெருக்க வாசிப்பவரால் முடியாது. கையை எடுத்து நிறுத்த மட்டுமே முடியும். வயலினும் செலோவும் நாதஸ்வரம் போல. இங்கே மூச்சு வில். இழுக்க இழுக்க ஒலி வளரும்.

சைக்கோவ்ஸ்கி 1880இல் தன் புரவலர் நதேஷ்தா வான் மெக்குக்கு எழுதிய கடிதத்தில், பியானோவும் வயலினும் செலோவும் சேர்ந்து ஒலிப்பதைத் தன் காது பொறுப்பதில்லை, அந்த நாதங்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை என்று சொன்னார். அவர் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் 1882இல், மறைந்த நிக்கொலாய் ரூபின்ஸ்டைனின் நினைவாக ஒரு பெரிய ட்ரியோவை அவரே எழுதி முடித்தார்.

ஒட்டாத இரண்டை எப்படி ஒட்டுகிறார்கள்? மூவரும் ஒரே நீண்ட சுரத்தை வாசிக்கும் இடத்தில், பியானோ தேய்வதைக் கேட்டு அதே வேகத்தில் வில்லின் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தந்திக்காரர்கள் அதைக் கவனிக்காமல் ஒரே அளவில் இழுத்துக்கொண்டே போனால், சுரத்தின் நடுவில் பியானோ காணாமல் போனதுபோல் இருக்கும். நேர்மாறாக, பியானோ ராகம் வாசிக்கும்போது பியானோக்காரர் தேயும் சுரங்களையே கோத்து ஒரு பாட்டாக்க வேண்டும். ஒரு சுரம் எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறதோ, அந்த அளவில் அடுத்த சுரத்தைத் தொடங்குவதுதான் வழி. எல்லாச் சுரத்தையும் ஒரே பலத்தில் அடித்தால் மணியோசைதான் மிஞ்சும்.

வில்லை ஒதுக்கிவிட்டு விரலால் தந்தியைச் சுண்டி வாசிக்கும் இடங்களில் மட்டும் மூவரும் ஒரே இனமாகிவிடுவார்கள். அங்கே கணப்பிசகுகூட அப்பட்டமாகத் தெரியும்.

சுருதி: பிடிவாதக்காரர் ஒருவர்

பாடுபவரோ வயலின்காரரோ சுரத்தை ஓர் இழை ஏற்றலாம், இறக்கலாம். பியானோவில் முடியாது. ஹார்மோனியத்தைப் போலவே, கட்டையில் எந்தச் சுரம் இருக்கிறதோ அதுதான். இசைத்து வைத்தவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

வயலினின் நான்கு தந்திகள், மேற்கத்தியச் சுரப் பெயர்களில், கீழிருந்து மேலாக ஜி, டி, ஏ, ஈ. செலோவுக்கு சி, ஜி, டி, ஏ. (19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதர் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த அதே வயலின்தான், பிடிப்பதும் தந்திகளை இசைப்பதும் வேறு.) அடுத்தடுத்த இரண்டு தந்திகளுக்கு இடையே இருப்பது தம்பூராவில் கேட்கும் ஸ–ப உறவு. சுத்தமான ஸ–பவில் அதிர்வுகளின் விகிதம் 3:2. பியானோவில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காகப் பிரித்திருப்பதால், அதன் ஒவ்வொரு ஸ–பவும் சுத்த நிலையைவிட ஓர் இழை குறுகல். அந்த இழை மிகச் சிறியதுதான். ஆனால் சேர்ந்துகொண்டே போகும்.

செலோவில் பார்ப்போம். மேல் தந்தி ஏவைப் பியானோவோடு சேர்த்தால் வினாடிக்கு 220 அதிர்வு. அதிலிருந்து சுத்தமான ஸ–பவாக டி, ஜி, சி என்று மூன்று படி இறங்கினால், சி தந்தி 65.19இல் வந்து நிற்கும். பியானோவின் அதே சி 65.41. வித்தியாசம் கால் அதிர்வுகூட இல்லை என்று தோன்றும். ஆனால் அந்தத் தந்தியின் மேல் சுரங்களிலும் அதே விகிதத்தில் பிசகு இருக்கும். இரண்டு ஸ்தாயி மேலே, பியானோவின் நடுவில் இருக்கும் சியின் உயரத்தில், அது வினாடிக்கு ஏறக்குறைய ஓர் அலையாகிவிடும். ஏறக்குறைய ஒன்றான இரண்டு சுரங்கள் சேரும்போது ஒலி பெருகிச் சுருங்கித் துடிப்பதைத்தான் 'அலை' என்கிறோம். நீண்டு ஒலிக்கும் முடிவுக் கொத்தில் இது நன்றாகவே கேட்கும்.

தீர்வு எளியது. ஏவை மட்டும் பியானோவிடம் வாங்கிக்கொண்டு மற்றத் தந்திகளைக் காதால் சுத்தமாகச் சேர்ப்பது தனிக் கச்சேரிக்குச் சரி. ட்ரியோவில் செலோக்காரர் ஜியையும் சியையும்கூடப் பியானோவில் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, கீழ்த் தந்திகளை இழையளவு ஏற்றி வைத்துக்கொள்வது நல்லது. வயலினின் கீழ் ஜிக்கும் அதே கவனம் வேண்டும்.

வாசிக்கும்போது இன்னொரு சிக்கல் வருகிறது. சுத்தமான அந்தர காந்தாரத்தைவிடப் பியானோவின் காந்தாரம் கணிசமாக உயரம்; அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு. வயலினும் செலோவும் தனியே ஒலிக்கும்போது சுத்தமான காந்தாரம் இனிக்கும். அந்தச் சுரத்தைப் பியானோவும் பிடித்திருந்தால் இருவரும் அதற்குப் பணிந்தே ஆக வேண்டும். எந்த அளவில் பியானோ என்ன சுரம் வைத்திருக்கிறது என்பது தந்திக்காரர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

சுருக்கமாக: பியானோ நகராது, ஆகவே மற்ற இருவர்தான் நகர வேண்டும், எங்கே நகர வேண்டும் என்பதைக் காது முடிவு செய்கிறது.

மிக்சி ஓடும் சமையலறை

மிக்சி ஓடும்போது பேசிப் பாருங்கள். குழந்தையின் கீச்சுக்குரல் மிக்சியை மீறிக் கேட்கும். மிக்சியின் அதே சுர உயரத்தில் ஒலிக்கும் குரல் அதற்குள் அமுங்கிப்போகும். ஒலி பெரிதா சிறிதா என்பதைப் போலவே, இரண்டும் ஒரே உயரத்தில் மோதுகின்றனவா என்பதும் முக்கியம்.

ட்ரியோவில் வயலின் பெரும்பாலும் மேலே பறப்பதால் தப்பித்துவிடுகிறது. அடிபடுவது செலோ. அதன் நடு ஸ்தாயியும் பியானோவின் இடது கையும் ஒரே இடத்தில் நடமாடுகின்றன. கேட்பவர்கள் உடனே 'பியானோ சத்தம் அதிகம், மூடியைத் தாழ்த்துங்கள்' என்பார்கள். அவசரப்பட்டு அதைச் செய்யக் கூடாது. மூடியைத் தாழ்த்தினால் பியானோவின் தெளிவு குறைந்து மந்தமான இரைச்சல் மிஞ்சும். செலோவை மறைப்பதே அந்த இரைச்சல்தான். மூடியை முழுக்கத் திறந்து வைத்தே வாசிக்கும் குழுக்கள் பல.

முதலில் பார்க்க வேண்டியது வலது பெடல். அதை மிதித்தால் கையை எடுத்த பிறகும் எல்லாத் தந்தியும் ஒலித்துக்கொண்டே இருக்கும். தனி வாசிப்பில் அழகு சேர்க்கும் அந்தப் பழக்கம் இங்கே செலோவின் மேல் போர்வையாக விழுகிறது. பாதி மிதிப்பது, அடிக்கடி மாற்றுவது, சில அளவுகளில் காலையே எடுத்துவிடுவது என்று முயல வேண்டும். அடுத்து, இடது கையின் கட்டைவிரல் பக்கச் சுரங்களை இலேசாக்கி, மிகக் கீழ்ச் சுரத்தை மட்டும் தெளிவாக வைப்பது. இவ்வளவும் செய்த பிறகும் போதாவிட்டால்தான் மூடி.

அமர்வும் இதைச் சேர்ந்ததுதான். பார்வையாளர் பக்கமிருந்து பார்த்தால் இடதில் பியானோக்காரர், மூடி நம் பக்கம் திறந்திருக்கும். அவருக்கு முன்னால் வயலின். பியானோவின் வளைவில் நம்மை நோக்கிச் செலோ. செலோவின் ஊன்றுகோல் மரப்பலகை மேடையில் நின்றால் பலகையும் சேர்ந்து அதிரும். இதற்காகவே சிறிய மரப்பெட்டி மேடை வைத்துக்கொள்பவர்கள் உண்டு.

எல்லோரும் ஒன்றாகத் தொடங்குவது

பியானோக்காரரின் தாளில் மூவர் வாசிப்பதும் அச்சாகியிருக்கும். மற்ற இருவரின் தாளில் அவரவர் பகுதி மட்டும். முழு வரைபடம் கையில் இருப்பவர் பியானோக்காரர்தான், ஆனால் மற்ற இருவரின் முதுகும் தோளும்தான் அவருக்குத் தெரியும். ஆகவே சைகை மூச்சிலிருந்து வர வேண்டும். யார் தொடங்குகிறாரோ அவர், வரப்போகும் காலப்பிரமாணத்திலேயே, கேட்கும்படி ஒரு மூச்சு இழுப்பார். மூச்சின் நீளமே வேகத்தைச் சொல்லிவிடும். தலையை மட்டும் ஆட்டினால் எப்போது தொடங்குவது என்பது தெரியும், எவ்வளவு வேகம் என்பது தெரியாது.

இங்கே தொடக்கக் குழுக்களுக்கு நேரும் பிசகு ஒன்று. மூவரும் கடிகாரச் சுத்தமாக ஒரே கணத்தில் தொடங்கினாலும் பியானோ முந்திக் கேட்கும். சுத்தியல் பட்டதும் அதன் ஒலி எழுந்துவிடும். செலோவின் தடித்த சி தந்தி வில்லைப் பற்றிக்கொண்டு பேசத் தொடங்கச் சற்று நேரம் பிடிக்கும். பியானோக்காரர் தன் கையைப் பார்க்காமல், செலோவின் ஒலி எழுவதைக் கேட்டு அதன்மேல் தன் சுரத்தை வைக்கப் பழக வேண்டும்.

இளம் ட்ரியோ ஒன்று உருவாகும்போது

நல்ல தனி வாத்தியக்காரர்கள் மூவரைச் சேர்த்தால் நல்ல ட்ரியோ கிடைத்துவிடாது. பியானோக்காரர் தனியாகவே வளர்ந்தவர். சுருதிக்காக யாரையும் கேட்டறியாதவர். அவருக்குக் காது பழக வேண்டும். மற்ற இருவருக்கும் அதிர்வு பழக வேண்டும்: இடது கை விரலை அசைத்துச் சுரத்தை நடுங்கவைக்கும்போது ஒருவர் வேகமாகவும் அகலமாகவும், மற்றவர் மெதுவாகவும் அசைத்தால், இருவரும் ஒரே ராகத்தை வாசிக்கும் இடங்களில் சுருதி சரியாக இருந்தும் பிசகியதுபோல் ஒலிக்கும்.

புதிய படைப்பைப் பயிலும்போது பலன் தரும் வரிசை இது. முதலில் பியானோ இல்லாமல் வயலினும் செலோவும் மட்டும், பாதி வேகத்தில், அதிர்வே இல்லாமல். சுருதிப் பிசகு மறைய இடமிருக்காது. அடுத்து பியானோவின் இடது கையும் செலோவும் மட்டும், அடித்தளம் உறுதியாகும். பிறகு மூவரும், ஆனால் ராகம் வைத்திருப்பவர் மௌனமாக. துணைப்பகுதி தன் காலில் நிற்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். கடைசியில்தான் முழு வேகம். பலர் இந்தக் கடைசிப் படியிலிருந்தே தொடங்கி, அங்கேயே மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள்.

கருத்து வேறுபாட்டை வாக்கெடுத்துத் தீர்க்கவும் கூடாது. இரண்டுக்கு ஒன்று என்று தோற்றவர் அந்த இடத்தை அரைமனதோடுதான் வாசிப்பார். இரண்டு விதமாகவும் முழு மனதோடு வாசித்து, பதிவு செய்து கேட்டுப் பார்ப்பது மேல்.

ஒரு கச்சேரிக்கு 70 முதல் 80 நிமிட இசை வேண்டும். ஹெய்டனின் ஒரு ட்ரியோ சுமார் கால் மணி நேரம், ராவெல் 1914இல் எழுதியது அரை மணிக்குச் சற்றுக் குறைவு, 'ஆர்ச்டியூக்' சுமார் 40 நிமிடம். இம்மூன்றும் ஒரு மாலைக்குப் போதும். மூன்று நூற்றாண்டுகளின் மூன்று வாசிப்பு முறைகளும் பழகிவிடும். வயலினும் செலோவும் சொந்தமாகக் கையோடு வரும்; பியானோ மட்டும் ஊருக்கு ஊர் வேறு. அரங்கத்தில் கிடைக்கும் ஒத்திகை நேரத்தைப் புதிய பியானோவின் கீழ் ஸ்தாயியும் செலோவும் சேரும் இடங்களுக்கே முதலில் செலவிட வேண்டும். ஒருவர் கூடத்தின் பின்வரிசையில் நின்று கேட்பது அவசியம். மேடையில் சமமாகக் கேட்பது அங்கே சமமாக இருப்பதில்லை.

அண்மைக்காலத்து இளம் குழு ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் ஜப்பானின் ஆவோய் ட்ரியோ. டோக்கியோ சன்டோரி ஹால் சேம்பர் இசைப் பயிலகத்தில் 2016இல் சேர்ந்த மூவர்: பியானோவில் கோசுகே அகிமோட்டோ, வயலினில் கியோகோ ஒகாவா, செலோவில் யூ இட்டோ. குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்ததே குழுவின் பெயர். 2018இல் ஜெர்மன் பொது ஒலிபரப்பு நிறுவனங்களின் கூட்டமைப்பான ஏஆர்டி மியூனிக்கில் நடத்தும் சர்வதேசப் போட்டியில் பியானோ ட்ரியோ பிரிவில் முதல் பரிசு பெற்றார்கள். அந்தப் போட்டியில் எல்லா ஆண்டும் ட்ரியோ பிரிவு இருக்காது. அதற்கான வாய்ப்பு ஒரு குழுவின் இளமைக்காலத்தில் ஒன்றிரண்டு முறைதான் வரும். மறுமுனையில் போஸார் ட்ரியோ: 1955இல் அமெரிக்காவின் டாங்கிள்வுட் விழாவில் தொடங்கி 2008வரை நீடித்தது. வயலினும் செலோவும் பல கை மாறின. பியானோவில் கடைசிவரை மெனகெம் பிரெஸ்லர் ஒருவரே.

கேட்கத் தொடங்க

முதலில் ஹெய்டனின் 'ஜிப்ஸி' எனப்படும் ஜி மேஜர் ட்ரியோவின் கடைசிப் பகுதி. மூன்று நான்கு நிமிடம், துள்ளலானது. செலோ எங்கே பியானோவின் இடது கையோடு ஒட்டிக்கொண்டே ஓடுகிறது என்று மட்டும் கவனியுங்கள். அடுத்து, மேலே சொன்ன ஷூபர்டின் இரண்டாம் பகுதி. நடை கைமாறும் இடத்தைப் பிடியுங்கள்.

மூன்றாவதாக, ஷோஸ்டகோவிச் 1944இல், இறந்துபோன நண்பர் இவான் சொல்லர்டின்ஸ்கியின் நினைவாக எழுதிய இரண்டாம் ட்ரியோவின் தொடக்கம். செலோ தனியாகத் தொடங்குகிறது. தந்தியை விரலால் அழுத்தாமல் தொட்டும் தொடாமலும் வைத்து வில்லை இழுத்தால் சீழ்க்கை போல ஒரு மெல்லிய மேல் சுரம் வரும். அந்தச் சீழ்க்கையிலேயே முழு ராகத்தையும் வாசிக்க வேண்டும். ஒலியடக்கி பொருத்திய வயலின் பிறகு வருகிறது, செலோவுக்குக் கீழே. அதற்கும் கீழே, மிக ஆழத்தில், கடைசியாகப் பியானோ.